இருபத்திரண்டு டிகிரி

மனித குலத்தின் துன்பங்களில் பாதிக்குக் காரணம், ஒரு நேரத்தில் ஒரு வயரைச் சோதிக்காமல் நாலு வயரைச் சேர்த்துப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதுதான். இது என் கருத்து அல்ல, ஆய்வு முடிவு. நான் தலைநகர் பிஷ்கெக்கில் வெப்பப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மீதிப் பாதித் துன்பத்துக்கு யார் காரணம் என்பதை இன்னும் ஆராயவில்லை. என் அக்கா புருஷன் ஜோல்தோஷாக இருக்கலாம் என்று பலமான சந்தேகம் உண்டு.

இந்த முடிவை நான் உலகுக்கு அறிவித்தது நரின் நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரி முற்றத்தில், ஜனவரி மாத வெள்ளிக்கிழமை ஒன்றின் காலை பத்தரை மணிக்கு. வெளியே மைனஸ் இருபத்தேழு. உலகம் என்று கேட்டுக்கொண்டு இருந்தது மச்சான் ஒருவர்தான். அவரும் சரியாகக் கேட்கவில்லை. வண்டிக்குள் இடது பக்கத்து இருக்கையில் மண்டியிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் முஷ்டியால் குத்திக்கொண்டிருந்தார். குத்துக்கு நடுவே, "எழுந்திரு தங்கம், எழுந்திரு கண்ணு" என்று கொஞ்சல் வேறு.

"அடிக்காதீங்க மச்சான். அது என்ன கழுதையா?"

"கழுதைன்னா இந்நேரம் எழுந்திருக்கும் மாப்ள."

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சூடு காட்டும் முள் நடுவில் நின்றது. ரேடியேட்டருக்கு முன்னால் குளிர்காற்றைத் தடுக்க மச்சான் சொருகியிருந்த அட்டை தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாயும் தொட்டால் சுடும். ஆக, அடுப்பு எரிகிறது. ஊத ஆள் இல்லை. புளோயர் ஓடவில்லை. குமிழியை ஒன்றில் வைத்தாலும் நாலில் வைத்தாலும் ஒரே மௌனம். அத்-பாஷியில் எங்கள் வீட்டிலிருந்து காலையில் கிளம்பி, கணவாய் ஏறும்போது ஏதோ கிறீச்சென்று கத்தி நின்றதுதான். அதற்கப்புறம் கண்ணாடியில் எங்கள் மூச்சே பனியாகப் படிந்தது. மச்சான் ஓட்ட, நான் பழைய பஸ் பாஸ் அட்டையால் அவர் மூக்குக்கு நேரே ஒரு தட்டு அளவுக்குச் சுரண்டிக்கொண்டே வந்தேன். அந்தத் தட்டு வழியாகத்தான் அவர் மலையைப் பார்த்து இறங்கினார்.

நாங்கள் இரண்டு பேர் என்றால் அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். திரும்பும்போது நாலு பேர் என்பதுதான் விஷயம். அக்கா பெர்மெத்துக்குக் கல்யாணமாகி ஒன்பதாம் வருஷம் பிறந்த பெண் குழந்தை, எட்டு வாரம் முன்னதாகவே வந்துவிட்டது. பிறந்தபோது ஆயிரத்து நானூறு கிராம். முப்பத்து மூன்று நாள் கண்ணாடிப் பெட்டியிலும் அப்புறம் அக்கா நெஞ்சிலுமாக இருந்து, இரண்டாயிரத்து நூற்றைம்பது ஆகியிருந்தது. மச்சான் இதுவரை அதைத் தூக்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அக்கா பிடித்துக் காட்டியதைத்தான் பார்த்திருக்கிறார். அத்தனை தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, மூக்கு தன்னுடையது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்.

ஜாங்கில் என்ற டாக்டரம்மா பத்து மணிக்கு இறங்கி வந்து வண்டியைப் பார்த்திருந்தார். பார்த்தார் என்றால் கதவைத் திறந்து, பின் சீட்டின் மேல் ஒரு தெர்மாமீட்டரை வைத்து, கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றார். பிறகு எடுத்துப் படித்தார்.

"மூணு டிகிரி. இதுல ஆட்டுக்கறி கொண்டு போகலாம். குழந்தை போகாது."

"டாக்டரக்கா, கம்பளி நாலு கொண்டு வந்திருக்கேன்," என்றார் மச்சான்.

"கம்பளி உடம்புக்கு. உள்ள இழுக்கிற காத்துக்கு என்ன போர்த்துவீங்க? இருபத்திரண்டு டிகிரி வேணும். மூணு மணிக்கு என் டியூட்டி முடியுது. அதுக்குள்ள வண்டியைக் காட்டுங்க. இல்லைன்னா திங்கக்கிழமை."

திங்கட்கிழமை என்று அவர் சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியது. எதிர் அறையில் இரண்டு குழந்தைகளுக்கு இருமல் வந்திருந்தது. குளிர்காலம் என்றால் வரத்தான் செய்யும். ஆனால் இந்தக் குழந்தையின் நுரையீரலுக்கு ஒரு இருமல் தாங்காது என்று அக்காவிடம் முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். அதனால்தான் வெள்ளிக்கிழமையே அனுப்பிவிடுகிறோம் என்ற முடிவு. வாடகைக் கார் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். அதில் யார் யார் இருமிவிட்டுப் போனார்களோ. மச்சானின் வண்டியே வாடகை வண்டிதான். அதனால் அவர் மூன்று நாள் சவாரி எடுக்காமல், சோடா உப்பு போட்டு சீட்டு முதல் கூரைத் துணி வரை தேய்த்துக் கழுவியிருந்தார். வண்டி இரவல் கேட்கக்கூடிய இரண்டு சிநேகிதர்களில் ஒருவன் வண்டியோடு பிஷ்கெக்கில் இருந்தான். இன்னொருவனுடைய பேட்டரி குளிரில் செத்துவிட்டது. அவன் போனில் அழாத குறையாகச் சொன்னான்.

எனவே தர்க்கம். நான் மச்சானை இருக்கையிலிருந்து கிளப்பிவிட்டு, ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். முப்பது ஆம்பியர் ஃபியூஸ் போயிருந்தது. மூடிக்குள் உபரியாக ஒன்று இருந்தது. அதைப் போட்டு, குமிழியைத் திருப்பினேன். ஒரு வினாடி 'கொர்' என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம். பிறகு டக். அதுவும் போயிற்று.

"பாத்தியா, மூச்சு விட்டுச்சு," என்றார் மச்சான். "தொண்டையில என்னமோ அடைச்சிருக்கு."

"காருக்குத் தொண்டை கிடையாது மச்சான். இது ஷார்ட். எங்கயோ ஒரு வயர் உரசி பாடியில தொடுது. அதைக் கண்டுபிடிக்கணும். முறையாப் போகணும்."

"தொண்டைதான் மாப்ள. நான் இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கேன். எங்க சித்தப்பாவோட குதிரைக்கு..."

"குதிரைக்கு ஃபியூஸ் இருந்துச்சா?"

அவர் சற்று யோசித்துவிட்டு, இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்தில் மச்சானைப் பற்றிச் சொல்லிவிடுவது நல்லது. அவர் காரைக் குதிரையாக நினைப்பவர். நெற்றியில் வெள்ளை உள்ள குதிரைக்கு வைக்கும் பெயரை அதற்கு வைத்திருக்கிறார். வண்டியை வீட்டு முற்றத்தின் நிழலிலிருந்து வெயிலுக்கு நகர்த்துவதற்கு முன்னால்கூட இரண்டு உள்ளங்கையையும் முகத்தில் தடவி பிரார்த்தனையாக ஓமின் சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலே, அர்ச்சாப் புகை. மலையில் ஊசியிலை அர்ச்சா மரத்துக் குச்சிகளை ஒடித்து வந்து, காயவைத்து, பழைய வாணலியில் போட்டுக் கொளுத்தி, அது புகைந்துகொண்டிருக்கும்போதே வண்டியை மூன்று தடவை சுற்றி வருவார். கண் படக்கூடாது, காற்றுக் கருப்பு அண்டக்கூடாது. பிள்ளைத் தொட்டிலுக்கும் புது வீட்டுக்கும் எல்லோரும் போடுவதுதான். வாரா வாரம் டயருக்குப் போடுகிறவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

இதை நான் கல்லூரி நகைச்சுவைப் போட்டியில் நடித்துக் காட்டினேன். ஒரு நாற்காலிதான் கார். நான்தான் மச்சான். கையில் வாணலி. முகத்தை ஜனாஸாத் தொழுகையில் நிற்பவன் போல வைத்துக்கொண்டு நாற்காலியைச் சுற்றி வந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. முந்நூறு பேர் இருந்த அரங்கம் ஆறு நிமிஷம் மூச்சுவிட முடியாமல் சிரித்தது. யாரோ வீடியோ எடுத்து இணையத்தில் போட்டார்கள். முதல் பரிசாக ஒரு மின்சாரக் கெட்டில் கொடுத்தார்கள். அது ஒரு மாதத்தில் கெட்டுப்போயிற்று. நான் முறையாகப் பிரித்துப் பார்த்தேன். திரும்பப் பொருத்த நேரம் கிடைக்கவில்லை.

பதினொன்றரைக்கு டேஷ்போர்டின் அடிப்பலகை வெளியே வந்தது. பன்னிரண்டுக்கு கிளவ் பாக்ஸ் வந்தது. நான் மீட்டரை வைத்து ஒவ்வொரு வயராகச் சோதித்துக் காகிதத்தில் குறித்தேன். விரல்கள் பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது. கழற்றி வைத்த கையுறைக்குள் திரும்ப நுழைத்து, அக்குளில் வைத்துச் சூடேற்றி, மறுபடி எடுக்க வேண்டும். மச்சான் உலர்ந்த தயிர் உருண்டை ஒன்றை வாயில் அதக்கிக்கொண்டு, நான் கேட்கிற ஸ்க்ரூ டிரைவரை நர்ஸ் கத்தி கொடுப்பது போலக் கொடுத்தார். மேலே இரண்டாம் மாடி ஜன்னலில் அக்கா நின்றாள். அவள் கையில் வெள்ளைப் பொட்டலம். ஜன்னல் இடுக்குகளையெல்லாம் குளிருக்காக டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள், அதனால் போனில்தான் பேச வேண்டும்.

"டேய் அதிலெத், என்னடா பண்றே? காரைப் பிரிச்சுப் பனியில பரப்பியிருக்கே. கடை போடப் போறியா?"

"ஆய்வு நடக்குதுக்கா."

"உன் ஆய்வைப் பத்தி எனக்குத் தெரியும். நீ பிரிச்ச எங்க ரேடியோ இன்னும் சாக்குப்பையிலதான் இருக்கு. அவர்கிட்ட குடு."

மச்சான் போனை வாங்கி, ஜன்னலைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே பேசினார். "ஒண்ணுமில்ல. சரியாயிடும். மாப்ள பாத்துக்கிட்டிருக்கான். படிச்சவன்ல... இல்ல, நான் தொடல... சத்தியமா அடிக்கல." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பால் குடிச்சாளா?" என்றார். பதிலைக் கேட்டதும், தானே குடித்த மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு மணிக்கு என் காகிதத்தில் பதினான்கு வயர்கள் இருந்தன. பதினான்கும் நல்ல வயர்கள். உரசல் இல்லை, ஷார்ட் இல்லை. தர்க்கம் ஒரு சுவரில் போய் நின்றது. நான் அதைச் சுவர் என்று ஒப்புக்கொள்ளாமல், மறுபடி முதல் வயரிலிருந்து ஆரம்பித்தேன். ஜன்னலில் அக்கா இல்லை. இருமல் சத்தம் கேட்டால் அறையை விட்டு நடைக்கூடத்தின் மறுகோடிக்குப் போய்விடுவாள் என்று மச்சான் சொன்னார். இந்நேரம் அங்கே நடந்துகொண்டிருப்பாள்.

"மாப்ள," என்றார் அவர், ரொம்பத் தயவாக. "உன் முறையிலயே, அந்த மோட்டாரைக் கொஞ்சம் இறக்கிப் பாத்துடலாமா? தொண்டைன்னு இல்ல. சும்மா."

மூன்று ஸ்க்ரூ. அவ்வளவுதான். இரண்டரை மணி நேரமாக என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன. மச்சான் மல்லாந்து படுத்து, தலையைக் கால் வைக்கும் இடத்தில் விட்டு, காலைக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு அவற்றைக் கழற்றினார். மோட்டார் அவர் மார்பில் இறங்கியது. கூடவே கருகிய பச்சை ஊசியிலைகள் கொத்துக் கொத்தாக அவர் முகத்தில் கொட்டின. விசிறியின் கூண்டு முழுக்க அர்ச்சா. சிறுசிறு பட்டைகளும் காய்களும் அடைந்திருந்தன. சுண்டுவிரல் தடிமனில் ஒரு குச்சி கூண்டுக்கும் சுவருக்கும் நடுவே குறுக்காக மாட்டி, தேய்ந்து கருத்துப் போயிருந்தது. விசிறி ஒரு இஞ்சுகூட நகர வழி இல்லை. மோட்டார் திணறும், மின்சாரத்தை இழுக்கும், ஃபியூஸ் போகும். ஷார்ட் இல்லை. தொண்டைதான்.

ஆனால் எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது வெட்கம் அல்ல. வெற்றி. நான் அந்தக் குச்சியைப் பிடுங்கி எடுத்து உயர்த்திக் காட்டினேன்.

"பாருங்க மச்சான். உங்க பேயோட்டுற வேலை. காத்துக் கருப்பு அண்டலை, சரி. காத்தே வரலை. வாணலியோட வண்டியைச் சுத்தினா போதாதுன்னு இப்ப என்ன, உள்ளயே தோப்பு போட்டுட்டீங்களா? இது எப்படி உள்ள போச்சு?"

மச்சான் முகத்திலிருந்த ஊசிகளை ஊதிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். கோபமே இல்லை. சந்தேகம் கேட்கிற மாணவன் போல என்னைப் பார்த்தார்.

"நீதானே மாப்ள சொன்ன."

"நானா?"

"ஆகஸ்ட் கடைசில. நீ பிஷ்கெக் கிளம்புற அன்னிக்கு. நான் புகை போட்டுக்கிட்டிருந்தேன். நீ பை மேல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருந்த. 'வெளிய சுத்துறது விஞ்ஞானப்படி பிரயோஜனம் இல்ல மச்சான், புகை உள்ள போகணும், கண்ணாடிக்குக் கீழ இருக்கற சல்லடைகிட்ட வாணலியை வெச்சு, புளோயரை நாலுல விடுங்க, ரத்தம் ஓடற மாதிரி எல்லா மூலைக்கும் போகும்'னு சொன்ன. நல்ல யோசனையா இருந்துச்சு. எனக்கெல்லாம் தோணியிருக்காது."

எனக்கு ஞாபகம் வந்தது. மூன்று சொற்றொடர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னது. அப்படிச் சொன்னால்தான் அது நகைச்சுவை. பஸ்ஸில் ஏறியதும் மறக்காமல் இருக்க நோட்டில் எழுதிவைத்தேன். பாதி நாடகம் அந்த நோட்டிலிருந்து வந்ததுதான்.

"அப்ப ஆகஸ்ட்லேர்ந்து..."

"வாரா வாரம். இன்னிக்குக் காலையில கொஞ்சம் பெரிசாப் போட்டேன். பாப்பா வர்ற நாள்ல. நீ தூங்கிக்கிட்டிருந்த. அங்கயும் இங்கயும் நாலு குச்சி இழுத்திருக்கும் போல."

"உள்ள ஃபில்டர் இருக்குமே. அதைத் தாண்டி எப்படிப் போகும்?"

"அதுலயே புகையெல்லாம் நின்னுடுது மாப்ள. அதனால எடுத்துட்டேன்."

இதில் எந்த ஓட்டையும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன். நான் சொன்னதை எடுத்துக்கொண்டு, தடையை அடையாளம் கண்டு, அதை நீக்கி, வாரம் தவறாமல் செய்து பார்த்திருக்கிறார். என் வகுப்பில் இப்படி ஒருத்தனும் இல்லை.

"நான் கிண்டலுக்குச் சொன்னேன் மச்சான்."

அவர் கூண்டிலிருந்து ஒரு காயை விரலால் நெம்பி எடுத்தார். பிறகு அடுத்ததை நெம்பினார். நான் என் பையிலிருந்து பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கூண்டின் மறுபக்கத்தில் தேய்க்க ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரிச் சமையலறைப் புகைபோக்கியிலிருந்து நேராக மேலே போய்க்கொண்டிருந்தது ஒரு வெள்ளைக் கோடு.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம்," என்றார் அவர், கூண்டைப் பார்த்தபடியே. "பழைய வண்டியில. கணவாய் மேல. மாசமா இருந்தவளுக்கு ரத்தம் போக ஆரம்பிச்சுது. நீ அப்ப நுழைவுப் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருந்த. உங்கிட்ட சொல்லலை. காய்ச்சல்னு சொல்லிட்டோம். இங்க வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அந்த வண்டிய வித்துட்டுத்தான் இதை வாங்கினேன். அதனாலதான் மாப்ள இந்தப் புகையெல்லாம். வேற ஒண்ணுமில்ல."

நான் எதையாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கிண்டல் தவிர வேறு எதுவும் வேகமாக வராது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"அந்த வீடியோவை நீங்க..." என்று ஆரம்பித்தேன்.

"பாத்தேனே. சவாரிக்கு வர்றவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவேன். என் மச்சினன், காலேஜ்ல பரிசு வாங்கினான்னு. கணவாய் ஏறி இறங்கற வரைக்கும் சிரிப்பாங்க."

"கோவம் வரலையா?"

"எதுக்கு? நல்லாத்தான் பண்ணியிருந்த." பிறகு, கறாராக, "சுத்தும்போது தலைய ஆட்டுற. நான் தலைய ஆட்டமாட்டேன். அப்புறம் நாலு தடவை சுத்திட்ட. மூணுதான். அது ரெண்டும் தப்பு" என்றார்.

மணி ஒன்றே முக்கால். விசிறியைக் கையால் சுழற்றினோம்; சுழன்றது, ஆனால் முனகியது. அச்சில் விடுவதற்கு ஆஸ்பத்திரித் தையல்காரம்மாவிடமிருந்து மச்சான் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு வாங்கி வந்தார். கூடவே அவள் கையில் திணித்த, எண்ணெயில் பொரித்த போர்சோக் உருண்டை பத்தும். மோட்டாரையும் கழற்றிய பலகைகளையும் திரும்பப் பொருத்தினோம். அடுத்தது ஃபியூஸ். பஜாரில் உதிரிபாகம் விற்கும் கன்டெய்னர் கடைக்காரர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருந்தார்; போனை எடுக்கவில்லை. மச்சான் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"வேண்டாம் மச்சான். தீப்பிடிக்கும். நிஜமாத்தான் சொல்றேன், இது கிண்டல் இல்ல."

"கிண்டல் இல்லைன்னா சரி," என்று ஆணியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். பின்கண்ணாடிப் பனியைக் கரைக்கும் கம்பிகளுக்கு ஒரு முப்பது ஆம்பியர் இருந்தது. அதைப் பிடுங்கினேன். அது ஒன்றுதான். போனால் திங்கட்கிழமை. மச்சான் உள்ளங்கைகளை முகத்தில் தடவி ஓமின் சொன்னார். நான் குமிழியை ஒன்றில் வைத்தேன்.

ஓடியது. மெல்ல, கிழவன் படி ஏறுவது போல ஆரம்பித்து, பிறகு சீராக. இரண்டு. மூன்று. நாலில் வைத்ததும் டேஷ்போர்டின் ஓட்டைகள் அத்தனையிலிருந்தும் சூடான காற்று அடித்தது. கண்ணாடியில் பனி அடியிலிருந்து உருகி, ஒரு விசிறி வடிவில் வெளி உலகம் தெரிய ஆரம்பித்தது. அதில் முதலில் தெரிந்தது அக்கா. ஜன்னலுக்கு வந்துவிட்டிருந்தாள். மச்சான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். அவள் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள்.

இரண்டு இருபதுக்கு டாக்டர் ஜாங்கில் வந்தார். சீட்டில் தெர்மாமீட்டர். இருபத்து மூன்று. மச்சான் ஏற்கெனவே ஆஸ்பத்திரி வாசலை நோக்கி இரண்டடி வைத்துவிட்டார். டாக்டர் தலையைக் கதவுக்குள் விட்டு, மூக்கால் ஒரு தடவை இழுத்தார். பிறகு இன்னொரு தடவை.

"என்னது கருகின வாடை? அர்ச்சாவா?"

மச்சான் திரும்பி நின்றார். அவர் முகத்தை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். காலர் எலும்பு வரை இறங்கிவிட்ட முகம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பழியைத் தன் தோளில் ஏற்றிக்கொள்ள வாயைத் திறந்தார்.

"நான்தான் டாக்டரக்கா," என்றேன். "என் யோசனை. புளோயர் வழியா புகை விடச் சொன்னேன்."

டாக்டர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "என்ன பண்றே?"

"படிக்கிறேன்."

"என்ன?"

"வெப்பப் பொறியியல்."

"நல்லாப் படி," என்றார். கிண்டல் தொழிலில் எத்தனை வருஷம் இருந்தாலும் அந்த இரண்டு வார்த்தையை அப்படிச் சொல்ல எனக்கு வராது. "புகை வாடை இருக்கற வண்டியில இந்தக் குழந்தையை ஏத்த மாட்டேன். நாலு கதவையும் திற. புளோயர் முழு வேகத்துல ஓடட்டும். உள்ள இருக்கற துகள் எல்லாம் வெளிய போகணும். அப்புறம் மூடிச் சூடு பண்ணு. ரெண்டே முக்காலுக்கு வருவேன். வாடையும் இருக்கக்கூடாது, இருபத்திரண்டும் இருக்கணும்."

நாலு கதவும் திறந்தன. இரண்டரை மணி நேரம் தேடி, இரண்டு சொட்டு எண்ணெயில் கிடைத்த சூடெல்லாம் நரின் நகரத்துக்குப் போயிற்று. காற்று வரும் ஓட்டைகளிலிருந்து ஊசிகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து எங்கள் சட்டையில் ஒட்டின. சமையலறையிலிருந்து வாளியில் வெந்நீர் வாங்கி, மச்சான் ஒரு துணி, நான் ஒரு துணி. அவர் முன்னால், நான் பின்னால். துணியை வெந்நீரிலிருந்து எடுத்துப் பிழிவதற்குள் அதன் ஓரம் விறைத்துவிடும். நான் ஓட்டைகளுக்குள் பல் பிரஷ்ஷை விட்டுத் துழாவினேன். பிறகு கதவுகளை மூடினோம். நாங்கள் உள்ளே இருந்தால் எங்கள் சட்டை வாடை அடிக்கும் என்று மச்சான் சொன்னார். அது சரி. எனவே இருவரும் வெளியே நின்று, வண்டி சூடேறுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். போர்சோக் கல்லாகியிருந்தது, வாயில் வைத்து உருக்கித் தின்றோம்.

டாக்டர் வந்தார். இருபது டிகிரி. வாடை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஓடட்டும்," என்று சொல்லிவிட்டு, பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். தெர்மாமீட்டரை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். அவர் தூங்குகிறாரா, முகர்கிறாரா என்று தெரியவில்லை. இரவு முழுக்க டியூட்டி பார்த்த கண்கள். புளோயர் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை அதன் குரல் தாழ்ந்தது; மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். குரல் திரும்ப ஏறியது. கையை விடவில்லை.

இரண்டு ஐம்பத்து மூன்றுக்குக் கதவு திறந்தது.

"இருபத்திரண்டு," என்றார் டாக்டர். "அப்பாவா நீங்க? வாங்க என்கூட. கையை முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவணும். அந்தச் சட்டையைக் கழட்டிட்டு நான் தர்றதைப் போட்டுக்கணும். தம்பி, நீயும் அந்த மேல்கோட்டை டிக்கியில போடு. கதவைத் திறக்காதே."

மச்சான் நடந்தார். நாலடி போனதும் ஓடினார். டாக்டர், "வழுக்கும்," என்றார். அவர் நடந்தார். வாசலில் காலணியிலிருந்து பனியைத் தட்டவும் மறந்துவிட்டு உள்ளே போனார்.

நான் கோட்டைக் கழற்றி டிக்கியில் போட்டேன். மைனஸ் இருபத்தேழில் ஸ்வெட்டரோடு நிற்பவன் ஏதாவது செய்தாக வேண்டும். வண்டி மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. புளோயர் சத்தம் கண்ணாடி வழியாக மெலிதாகக் கேட்டது. கணவாய் நாற்பது நிமிஷத் தூரத்தில் இருந்தது. அதற்கு மேலே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரமாகத் தூவிய பொடிப்பனி எங்கள் பழைய காலடிகளை மூடியிருந்தது. டயர்களில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது என்று தோன்றியது. எந்தப் பொறியியலாளனும் செய்வதுதான். இடது முன் டயரில் ஆரம்பித்தேன். பின் டயர், டிக்கி, வலது பக்கம், திரும்ப முன்னால். நாலு டயரும் நன்றாக இருந்தன. இருந்தாலும் இன்னொரு தடவை பார்த்தேன். கையில் ஒன்றும் இல்லை. விரல்களில் மட்டும், எத்தனை தேய்த்தும் போகாத அர்ச்சா வாடை. அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. மூன்றாம் தடவை போகும்போது என் உதடுகள் அசைந்தன, குளிராக இருக்கலாம். தலையை ஆட்டவில்லை.

நான் நின்றபோது ஆஸ்பத்திரி வாசலின் இரட்டைக் கதவு திறந்தது. ஆஸ்பத்திரியின் நீலச் சட்டை, கை குட்டையாக, மச்சான். அவர் கையில் அந்த வெள்ளைப் பொட்டலம். கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கி வருகிறவர் போல, முழங்கைகளை விரித்து, மூச்சை அடக்கி, அடிமேல் அடி வைத்து வந்தார். பின்னால் அக்கா, ஒரு கையை அவர் முதுகுக்குப் பின்னால் தொடாமல் பிடித்தபடி. படிக்கட்டின் கடைசிப் படியில் மச்சான் நின்று, கால் வைக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தார். புதுப் பனியில் வண்டியைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று காலடி வளையங்கள். அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வளையத்தின் கோட்டை மிதிக்காமல் காலை உயர்த்தித் தாண்டி உள்ளே வந்தார். நான் கதவைத் திறந்தேன்.